சிக்னல் முழுதாக இருக்கிறது, நெட் மட்டும் வரவில்லை: வேலூர் வட்டாரத்துக்கான கேள்வி பதில்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம், அணைக்கட்டு பக்கம் வீடு, பள்ளி, லாட்ஜ், தோல் தொழிற்கூடம் என்று வைஃபையும், ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொன்றுக்கு நெட்டைக் காற்றில் அனுப்பும் மொட்டை மாடி டிஷ்ஷும் போட்டுக் கொடுப்பது என் வேலை. அங்கெல்லாம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளைத்தான் கீழே தொகுத்திருக்கிறேன். எந்தக் கம்பெனி இணைப்பு நல்லது என்பதற்கு இங்கே பதில் இல்லை. அது தெருவுக்குத் தெரு மாறும். காற்றில் போகும் டேட்டா ஏன் தொலைகிறது, தொலைந்ததை யார் மீட்டுத் தருகிறார்கள், அதில் நம் கையில் இருப்பது என்ன என்பதுதான் இங்கே பேச்சு.

ஸ்பீடு டெஸ்டில் 80 எம்பிபிஎஸ் காட்டுகிறது. வீடியோ காலில் மட்டும் முகம் உறைந்து போகிறது. எப்படி?

ஸ்பீடு டெஸ்ட் ஒரே நேரத்தில் பல இணைப்புகளைத் திறந்து, சில வினாடிகளில் மொத்தம் எவ்வளவு வந்தது என்று சராசரி சொல்கிறது. நடுவில் சில பாக்கெட்டுகள் (டேட்டா சின்னச் சின்னத் துண்டுகளாகப் போகிறது, ஒரு துண்டுதான் பாக்கெட்) தொலைந்து, மறுபடி வந்து சேர்ந்ததெல்லாம் அந்தச் சராசரிக்குள் மறைந்துவிடும். வீடியோ காலுக்கு அந்தச் சலுகை கிடையாது. பேச்சு பொதுவாக 20 மில்லி வினாடித் துண்டுகளாக வருகிறது. ஒரு துண்டு அரை வினாடி தாமதமாக வந்தால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

அதனால் நான் முதலில் பார்ப்பது மூன்று: எத்தனை தொலைகிறது, எவ்வளவு தாமதம், அந்தத் தாமதம் எவ்வளவு ஆடுகிறது. வேகத்தைப் பார்ப்பது அதற்கப்புறம். கடைக்காரர்கள் விற்பது அந்த நாலாவதை மட்டும்தான்.

காற்றில் எங்கே போய்த் தொலையும்?

பாக்கெட் எங்கேயும் போவதில்லை, கெட்டுப்போய் வந்து சேர்கிறது. ஒவ்வொரு வைஃபை பாக்கெட்டின் வாலிலும் 32 பிட் சரிபார்ப்பு எண் ஒன்று இருக்கும். உள்ளே ஒரே ஒரு பிட் மாறியிருந்தாலும் கணக்கு இடிக்கும். பெறும் கருவி முழு பாக்கெட்டையும் வீசிவிடும்.

இதில் பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. பெரிய பாக்கெட் 1500 பைட், அதாவது 12,000 பிட். லட்சம் பிட்டுக்கு ஒன்று தவறினாலே பெரிய பாக்கெட்டுகளில் நூற்றுக்குப் பதினொன்று கெட்டுப்போகும். அதே காற்றில் 100 பைட் பாக்கெட்டில் நூற்றுக்கு ஒன்றுகூடக் கெடாது. 'பிங் அடித்துப் பார்த்தேன், ஒன்றுமே தொலையவில்லை, ஆனால் பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது' என்று சொல்கிறவர்களுக்குப் பாதி விடை இங்கேயே இருக்கிறது. சாதாரண பிங், அதாவது பதில் வருகிறதா என்று பார்க்க அனுப்பும் சோதனைப் பாக்கெட், ரொம்பச் சின்னது. அளவை 1400 பைட் என்று கொடுத்து அடித்தால் குட்டு வெளிப்படும்.

பிட் ஏன் மாறுகிறது? பக்கத்து வீட்டு ரூட்டர் அதே சேனலில் கத்துகிறது, மைக்ரோவேவ் அடுப்பு ஓடுகிறது, சுவரில் பட்டுத் திரும்பிய அலை நேரே வந்த அலையோடு மோதுகிறது, அல்லது தூரம் கூடி சிக்னலே இரைச்சலுக்குள் அமிழ்ந்துவிட்டது. இந்த நாலில் எது என்று கண்டுபிடிப்பதில்தான் வேலையின் பெரும்பகுதி போகிறது.

சரி, தொலைந்ததைத் திரும்ப யார் அனுப்புவது?

இரண்டு இடத்தில் நடக்கிறது, இரண்டும் ஒன்றை ஒன்று அறியாமல்.

முதலாவது, காற்று இணைப்பிலேயே. உங்கள் போன் ஒரு பாக்கெட் அனுப்பினால், ரூட்டர் உடனே, 5 ஜிகாஹெர்ட்ஸில் என்றால் 16 மைக்ரோ வினாடி இடைவெளியில், 'வந்தது' என்று சொல்லும். சத்தம் வரவில்லை என்றால் போன் மறுபடி அனுப்பும். பல கருவிகளில் ஏழு முறை வரை முயலும். பத்தில் ஒன்று கெடும் காற்றாக இருந்தாலும், ஒவ்வொரு முயற்சியும் தனித்தனி என்று வைத்துக்கொண்டால், நாலு முயற்சியில் பத்தாயிரத்தில் ஒன்றுதான் தப்பும். மொபைல் நெட்வொர்க் இன்னும் கெட்டிக்காரத்தனமாக ஒரு வேலை செய்கிறது. கெட்டுப்போய் வந்த பாக்கெட்டை வீசாமல் வைத்துக்கொண்டு, அடுத்து வரும் பிரதியோடு சேர்த்துப் படிக்கிறது. இரண்டும் தனித்தனியே படிக்க முடியாதவைதான், சேர்த்தால் படிக்க முடிகிறது.

இரண்டாவது, டேட்டா முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்று இரு முனைகளிலும் பார்த்துக்கொள்ளும் டிசிபி என்ற விதிமுறை. சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் சர்வர், உங்கள் போனிலிருந்து ஒப்புகை வராததைக் கவனித்து மறுபடி அனுப்புகிறது. சிக்கல் இங்கேதான் ஆரம்பம். 1986-ல் அமெரிக்காவின் பெர்க்லியில், நடந்து போகும் தூரத்தில் இருந்த இரண்டு இடங்களுக்கு நடுவே, 32,000 பிட் வேகம் நெரிசலால் நொடிக்கு 40 பிட்டாக விழுந்தது. அதைப் பார்த்து வான் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் 1988-ல் ஒரு விதி வகுத்தார்: பாக்கெட் தொலைந்தால் பாதையில் நெரிசல் என்று பொருள், வேகத்தைக் குறை. கம்பியில் அது சரி. காற்றில் பாக்கெட் தொலைவது பெரும்பாலும் நெரிசலால் அல்ல.

சென்னையிலிருந்து குடியாத்தத்துக்கு லாரியில் பார்சல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புக்கிங் ஆபீஸ் வரை பத்திரமாக வந்த பெட்டி, அங்கிருந்து கடைக்கு வரும் வழியில் வண்டியிலிருந்து விழுந்துவிட்டது. கடைக்காரர் சென்னைக்குச் சொல்ல, அங்கே அனுப்பியவர் 'ரோட்டில் டிராபிக் போலிருக்கிறது' என்று நினைத்து, இனி பாதி லாரிதான் அனுப்புவேன் என்கிறார். டிசிபி செய்வது அச்சாக இதேதான். புக்கிங் ஆபீஸிலேயே பெட்டிக்கு ஒரு பிரதி வைத்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும், சென்னைக்குத் தெரியவே வேண்டியதில்லை. 1995-ல் பெர்க்லியில், சென்னை ஐஐடியில் படித்துவிட்டுப் போன ஹரி பாலகிருஷ்ணனும் உடனிருந்தவர்களும் செய்து காட்டியது இதைத்தான். அதன் பெயர் 'ஸ்நூப்'. டவர் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு நிரல் பாக்கெட்டுகளின் பிரதியை வைத்துக்கொள்ளும், தொலைந்ததை அங்கிருந்தே மறுபடி அனுப்பும், சர்வருக்குப் போகும் புலம்பலை நடுவிலேயே அடக்கிவிடும்.

தொலைவது எவ்வளவு தண்டனை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பழைய பாணி டிசிபிக்கு 1997-ல் மேத்திஸும் மற்றவர்களும் ஒரு சூத்திரம் தந்தார்கள். போய் வர 40 மில்லி வினாடி ஆகும் பாதையில், நூற்றுக்கு ஒரு பாக்கெட் தொலைந்தால் ஒரு இணைப்புக்குக் கிடைப்பது சுமார் 3.5 எம்பிபிஎஸ். பத்தாயிரத்துக்கு ஒன்று என்றால் 35. நீங்கள் 300 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டியிருந்தாலும் இதே கதைதான். பிளானை ஏற்றுவதற்கு முன்னால் ஏன் தொலைகிறது என்று பாருங்கள் என்று நான் தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான்.

பிறகு வந்த டிசிபி வகைகள் கொஞ்சம் தெளிந்தன. கூகுள் 2016-ல் வெளியிட்ட பிபிஆர், தொலைவதை மட்டும் நம்பாமல், பாதை உண்மையில் எவ்வளவு தாங்குகிறது என்று அளந்து அனுப்புகிறது. வேடிக்கை என்னவென்றால், 1976-ல் கலிபோர்னியாவில் இரண்டு நெட்வொர்க்குகளை இணைத்து இந்த இணைய முறையைச் சோதித்தபோது, அதில் ஒன்று வேனில் வைத்த ரேடியோ. பிறக்கும்போதே கம்பியில்லாமல் பிறந்த பிள்ளை, வளர்ந்தபின் கம்பி வழக்கத்துக்குப் பழகிவிட்டது.

அப்படியானால் ரூட்டரில் மறு முயற்சியைக் கூட்டி வைத்தால் போதுமா?

போதாது, அதிகமானால் கெடுதலும் உண்டு. ஒரு பாக்கெட்டுக்காக மல்லுக்கட்டும் நேரத்தில் பின்னால் வரும் எல்லாமே வரிசையில் நிற்கும். டவுன்லோடுக்குக் கவலையில்லை. கால் பேசுபவருக்குத்தான் கஷ்டம்: தொலைந்ததை மீட்டுவிட்டோம், ஆனால் ஒரு வினாடி கழித்து.

வரிசை நீளமாவது தனி நோய். வீட்டில் ஒருவர் போட்டோக்களை நெட்டில் உள்ள சேமிப்பிடத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தால், ரூட்டரின் பஃபர், அதாவது பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம், நிரம்பி, மற்றவர்களின் பிங் 20 மில்லி வினாடியிலிருந்து 800-க்கு ஏறும். எதுவும் தொலையவில்லை, எல்லாம் காத்திருக்கிறது. ரூட்டரில் எஸ்கியூஎம் அல்லது எஃப்கியூ-கோடெல் என்ற, வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு இருந்தால் அதைப் போட்டுவிட்டு, வேக வரம்பை உங்கள் உண்மையான வேகத்தில் 85 முதல் 90 சதவீதமாக வையுங்கள். கொஞ்சம் வேகம் குறையும், வீடியோ கால் உறையாது. ரூட்டர் வாங்கும்போது ஆன்டெனாக்களை எண்ணுவதற்குப் பதில் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்கலாம்.

திரும்பக் கேட்காமலேயே மீட்க வழி இல்லையா?

உண்டு. கூடுதலாகக் கொஞ்சம் அனுப்பிவிடுவது. நாலு பாக்கெட் அனுப்பிய பின், அந்த நாலையும் பிட் பிட்டாகக் கூட்டி ஐந்தாவதாக ஒன்று அனுப்புங்கள். எந்த ஒன்று தொலைந்தாலும் மீதியை வைத்து அதைக் கணக்கிட்டு எடுத்துவிடலாம். செலவு 25 சதவீதம் கூடுதல் டேட்டா. இரண்டு தொலைந்தால் இந்த வழி கைகொடுக்காது, அதற்கு இன்னும் வலுவான குறிமுறைகள் வேண்டும். 1950-ல் ரிச்சர்ட் ஹாமிங் ஆரம்பித்து வைத்த துறை இது. 1960-களில் ராபர்ட் கேலகர் எழுதிய எல்டிபிசி குறிமுறை, அன்றைய கணினிகளுக்குப் பாரமாக இருந்ததால் பல ஆண்டு அலமாரியில் கிடந்தது. இன்று 5ஜி டேட்டா முழுக்க அதில்தான் போகிறது, புதிய வைஃபையிலும் அது இருக்கிறது.

திரும்பக் கேட்க நேரமில்லாத இடத்தில் இது சரி: பேச்சு, நேரலை, செயற்கைக்கோள். நேரமிருக்கும் இடத்தில் திரும்பக் கேட்பதே சிக்கனம். வீடியோ கால் செயலிகள் இரண்டையும் கலந்துதான் ஓட்டுகின்றன.

சத்துவாச்சாரி மாடியிலிருந்து காட்பாடிப் பக்கம் எங்கள் குடோனுக்கு டிஷ் அடிக்கலாமா? பாலாறு குறுக்கே வருகிறதே?

தாராளமாக அடிக்கலாம். நம் ஊரில் டிஷ்ஷுக்குப் பகை மலைதான். ஆற்றின் திறந்த வெளி நல்லதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள்.

ஐந்து கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 5.8 ஜிகாஹெர்ட்ஸ் அலை நூல் பிடித்தாற்போல் போவதில்லை. நடுவழியில் அதைச் சுற்றி சுமார் 8 மீட்டர் ஆரத்துக்கு இடம் வேண்டும். அதில் அறுபது சதவீதமாவது, கிட்டத்தட்ட 5 மீட்டர், காலியாக இருக்க வேண்டும். கண்ணுக்கு நேர்கோடு தெரிகிறது, ஆனால் கோட்டுக்குக் கீழே இரண்டு மீட்டரில் தென்னை உச்சி இருக்கிறது என்றால் அந்த இணைப்பு இன்று ஓடும். மரம் வளரும், காற்று அடிக்கும், அன்று ஓடாது. டிஷ் மாட்டும் நாளில் மரத்தைப் பார்ப்பவர் குறைவு.

அடுத்து, கணக்குப் போட்டுவிட்டு ஏறுங்கள். ஒரு பக்க டிஷ்ஷிலிருந்து 36 டிபிஎம், அதாவது 4 வாட் அளவுக்குப் போகிறது, மறுபக்கம் அலையைக் குவிக்கும் திறன் 23 டிபிஐ உள்ள டிஷ் இருக்கிறது என்றால், ஐந்து கிலோமீட்டர் காற்று சுமார் 122 டெசிபலைத் தின்றபின் வந்து சேர வேண்டியது மைனஸ் 63 டிபிஎம் பக்கம். உங்கள் திரையில் மைனஸ் 75 காட்டி, எவ்வளவு திருப்பினாலும் ஏறவில்லை என்றால் பெரும்பாலும் நீங்கள் பக்கக் கதிரில் மாட்டியிருக்கிறீர்கள். டிஷ்ஷின் முக்கியக் கதிருக்கு இருபுறமும் சின்னச் சின்னக் கதிர்கள் உண்டு. அதில் ஒன்றின் உச்சியைப் பிடித்துவிட்டு 'இதுதான் அதிகபட்சம்' என்று நட்டை முறுக்கிவிடுகிறார்கள். முழு வீச்சில் இடமும் வலமும் ஒருமுறை மெல்லத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு பள்ளம், அதற்கப்புறம் பெரிய மேடு வரும். அந்த மேட்டில் நிறுத்தி, மேல் கீழையும் அதேபோல் பார்த்து, அப்புறம் நட்டை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஒரே பக்கத்தை ஓங்கி முறுக்கினால் டிஷ் அரை டிகிரி திரும்பிக்கொள்ளும். மாடியிலிருந்து இறங்கியபின்தான் அது தெரியும்.

மூன்றாவது, தூர அமைப்பு. சாதாரண வைஃபை, 'வந்தது' என்ற பதிலுக்குச் சில பத்து மைக்ரோ வினாடிகள்தான் காத்திருக்கும். அறைக்குள் அது போதும். ஐந்து கிலோமீட்டர் போய்வர ஒளிக்கே 33 மைக்ரோ வினாடி ஆகிறது. பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்போதே இந்தப் பக்கம் தொலைந்துவிட்டது என்று முடிவு கட்டி மறுபடி அனுப்பும். டேட்டா எப்படியோ போய்ச் சேரும், ஆனால் வேகம் வெகுவாகக் குறையும். கருவியில் தூரம் என்ற இடத்தில் கிலோமீட்டரைப் போடுங்கள், அல்லது இரு முனையும் முறை வைத்துப் பேசும் டிடிஎம்ஏ வகைக் கருவி வாங்குங்கள்.

சேனல் அகலத்தை 80-ல் வைக்காதீர்கள். 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்தால் உள்ளே வரும் இரைச்சல் நாலில் ஒரு பங்காகிறது, 6 டெசிபல் லாபம். குடோன் கேமராவுக்கும் பில்லிங்குக்கும் அது தாராளம்.

பாலாற்றைப் பற்றிக் கேட்டீர்கள். மணலாகக் கிடக்கும்வரை பேச்சில்லை. 2021 நவம்பரில் ஓடியது மாதிரி கரை தொட்டு ஓடினால் தண்ணீர்ப் பரப்பு கண்ணாடி போல் அலையைத் திருப்பும். நேர் அலையும் திரும்பிய அலையும் ஒன்றை ஒன்று அடிக்கும் நிலை வரலாம். அப்போது ஒரு முனையின் உயரத்தை ஒரு மீட்டர் மாற்றினாலே பல நேரம் சரியாகும். அதற்காக இப்போதே கவலைப்பட வேண்டாம்.

மழை வந்தால் போய்விடுமா?

5 ஜிகாஹெர்ட்ஸில் சில கிலோமீட்டருக்கு மழைத்துளி ஒன்றும் செய்யாது. 60 ஜிகாஹெர்ட்ஸ் கருவிகள் மழையில் நிஜமாகவே படுக்கும். உங்கள் 5 ஜிகாஹெர்ட்ஸ் டிஷ் மழையில் போகிறது என்றால் நனைந்த மர இலையோ, கனெக்டருக்குள் இறங்கிய தண்ணீரோதான் காரணம். கேபிள் டிஷ்ஷுக்குள் நுழையும் இடத்தில் ஒரு தொங்கல் விட்டுக் கட்டினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். கனெக்டரைத் திறந்து பாருங்கள். எட்டு உலோகப் பல்லில் ஒன்றிரண்டு பச்சை பூத்திருந்தால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

நம் ஊர் வெயில்?

மழையைவிட வெயிலுக்குத்தான் பயப்பட வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் சிமென்ட் ஷீட்டுக்குக் கீழே, மூடிய தகரப் பெட்டிக்குள் ரூட்டரை வைத்தால் மத்தியானம் இரண்டு மணிக்குத் தானாக அணைந்து எழும். 'மதியம் மட்டும் நெட் போகிறது, கம்பெனிக்காரன் வேண்டுமென்றே குறைக்கிறான்' என்ற புகாரில் பெட்டியைத் தொட்டுப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். நிழல், காற்றோட்டம், அவ்வளவுதான்.

கரண்ட், இடி?

தமிழ்நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுக் கிராமக் கண் பரிசோதனை மையங்களை நீண்ட தூர வைஃபையால் இணைத்து, டாக்டர் வீடியோவில் நோயாளியைப் பார்க்கும்படி செய்தது. பெர்க்லி ஆய்வாளர்கள் அதற்கான முறையை 2007-ல் வெளியிட்டார்கள்: இரு முனையும் முறை வைத்துப் பேசுவது, ஒப்புகைகளை மொத்தமாக அனுப்புவது, தேவைப்படும்போது கூடுதல் பாக்கெட்டால் மீட்பது. மேலே சொன்ன எல்லாம் அதில் வந்துவிட்டது. மறு ஆண்டு அதே குழு, ஆண்டுக்கணக்கில் அதை ஓட்டியதில் பட்ட பாட்டை எழுதியது. அதில் பெரிய இடம் பிடித்தது ரேடியோ அல்ல, தரம் கெட்ட மின்சாரம். ஏற்ற இறக்கத்தில் போர்டுகள் எரிந்தன, பாதியில் கரண்ட் போனதில் மெமரி கார்டுகள் கெட்டன.

எனவே டிஷ்ஷுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை நல்ல யுபிஎஸ்ஸுக்கும், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் காப்புக்கும், எர்த்துக்கும் ஒதுக்குங்கள். பாறை நிலத்தில் ஒரு கம்பியை அடித்துவிட்டால் எர்த் ஆகாது. குழி எடுத்து, கரியும் உப்பும் போட்டு, அளந்து பார்க்க வேண்டும். ஒரு உபரிச் செய்தி: அடிவாரத்தில் குரங்குகள் கேபிளை இழுக்கும். இரும்புக் குழாய்க்குள் விடுங்கள்.

நாங்கள் பீஞ்சமந்தைப் பக்கம் மலைக் கிராமப் பள்ளியில் இருக்கிறோம். கீழே டவர் இருக்கிறது, மேலே ஒரு புள்ளி சிக்னல்கூட இல்லை. வழி உண்டா?

ஜவ்வாது மலை மடிப்புக்குள் இருக்கும் ஊர்களுக்கு அதிர்வெண்தான் முதல் விஷயம். 700, 850 மெகாஹெர்ட்ஸ் அலைகள் முகட்டில் பட்டுக் கொஞ்சம் வளைந்து இறங்கும். 3.5 ஜிகாஹெர்ட்ஸ் 5ஜி வளைய மாட்டேன் என்று அடம் பிடிக்கும். ஆகவே மலையில் 5ஜி போனுக்குக் காத்திருக்காமல், போனை 4ஜியில் நிறுத்தி, பள்ளிக்கூரைக்கு மேலே கம்பத்தில் வெளிப்புற 4ஜி ஆன்டெனா ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். புள்ளியைப் பார்க்காதீர்கள். போன் அமைப்பில் வரும் சிக்னல் வலிமை எண்ணைப் பாருங்கள்: மைனஸ் 110-க்குக் கீழே என்றால் கஷ்டம், மைனஸ் 95 வந்தால் வகுப்பு நடத்தலாம்.

அது கிடைக்கவில்லை என்றால், கீழே அடிவாரமும் மேலே உங்கள் ஊரும் இரண்டும் தெரியும் ஒரு முகட்டில் நடு நிலையம் வைக்க வேண்டும். இரண்டு டிஷ், ஒரு சோலார் தகடு, ஒரு பேட்டரி. தூரம் ஒரு பொருட்டே அல்ல. 2007-ல் வெனிசுவேலாவில் மலைக்கு மலை 382 கிலோமீட்டர் வைஃபை அடித்துக் காட்டினார்கள். உங்கள் கஷ்டம் வேறு: முகட்டு நிலம் யாருடையது, வனத்துறை அனுமதி, மேகமூட்டமான கார்த்திகையில் பேட்டரி எத்தனை நாள் தாங்கும். மூன்று நாள் வெயில் இல்லாமல் தாங்கும்படி கணக்குப் போடுங்கள். இந்தக் கேள்விகளுக்கு விடை வருமுன் டிஷ் வாங்காதீர்கள். பாடங்களை இரவில் மெதுவாக இறக்கிப் பள்ளிக்குள் ஒரு சின்ன சர்வரில் வைத்துக்கொண்டால், பகலில் இணைப்பு ஆடினாலும் வகுப்பு நிற்காது. எனக்குக் கேட்டால் முதல் செலவு இதற்குத்தான்.

சிஎம்சி அருகே லாட்ஜ் நடத்துகிறோம். அறைக்கு அறை ரூட்டர் வைத்தும் தங்குபவர்கள் திட்டுகிறார்கள்.

அறைக்கு அறை வைத்ததுதான் கோளாறு. அந்தத் தெருக்களில் சுவருக்குச் சுவர் லாட்ஜ். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றை ஒன்று இடிக்காத சேனல்கள் மூன்றே: 1, 6, 11. நாற்பது ரூட்டர் அதற்குள் அடித்துக்கொள்கின்றன. ஒரு அறை போனும் இன்னொரு அறை போனும் ஒன்றின் சத்தம் ஒன்றுக்குக் கேட்காமல், ஒரே நேரத்தில் நடு ரூட்டருக்குப் பேசினால் இரண்டும் கெடும். சிக்னல் முழுசாகக் காட்டிக்கொண்டே கெடும்.

மாடிக்கு இரண்டு மூன்று என்று குறைத்து, ஒவ்வொன்றுக்கும் கேபிள் இழுத்து, சக்தியைக் குறைத்து வையுங்கள். குறைக்கச் சொல்கிறேன், கூட்டச் சொல்லவில்லை. டிவி, கேமரா, பில்லிங் கணினி போன்ற நகராத பொருள் எதையும் வைஃபையில் போடாதீர்கள். 5 ஜிகாஹெர்ட்ஸில் 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை உள்ள சேனல்கள் நல்லது. நடுவில் உள்ளவற்றில் ரேடார் இருக்கிறதா என்று ரூட்டர் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் சேனலை விட்டு எழுந்து போய்விடும், சில நேரம் ஒரு நிமிடம்கூட நெட் போகும். மருத்துவமனைக்கு வந்தவர்கள் ஊருக்கு வீடியோவில் பேசும் இடம் அது. கேபிள் செலவுக்கு யோசிக்காதீர்கள்.

காட்பாடியில் ரயில் ஏறினால் ஜோலார்பேட்டை வரை நெட் விட்டு விட்டு வருகிறது.

டவர் மாறிக்கொண்டே இருப்பதால். பெட்டியின் இரும்பு உடல் வேறு சிக்னலைத் தடுக்கும். படமோ பாட்டோ முன்பே இறக்கிக்கொள்வதைத் தவிர உங்கள் பக்கம் செய்ய அதிகம் இல்லை.

கடையில் யுபிஐ சுற்றிக்கொண்டே நிற்கிறது. பணம் போனதா இல்லையா?

காற்று இணைப்பு எவ்வளவு மீட்டாலும் இந்தக் கேள்விக்கு அதனால் பதில் சொல்ல முடியாது. உங்கள் கட்டளை வங்கிக்குப் போய், வேலை முடிந்து, 'முடிந்தது' என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். கட்டளையே போகாமலும் இருந்திருக்கலாம். போனுக்கு இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கடைசி உறுதி இரு முனைகளில்தான் கிடைக்கும் என்று சால்ட்சர், ரீட், கிளார்க் என்ற கணினி ஆய்வாளர்கள் மூவரும் 1980-களிலேயே எழுதிவைத்தது இதைத்தான்.

அவசரப்பட்டு மறுபடி அனுப்பாதீர்கள். செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து நிலையைப் பாருங்கள். கடைக்காரரின் ஒலிப்பெட்டி சொன்னதா என்று கேளுங்கள். உங்கள் கணக்கில் கழிந்து கடைக்கு உறுதி வராவிட்டால், ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2019 விதி. கடையின் அரைகுறை வைஃபையில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் பல நேரம் காரணம். பணம் அனுப்பும்போது வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் அனுப்பிப் பாருங்கள்.

ஃபைபர் ஒன்று, 4ஜி ஒன்று, இரண்டும் வைத்துக்கொண்டால் பயமில்லையா?

குறையும். ஒன்று போனால் மற்றொன்றுக்கு மாறும் ரூட்டர் வேண்டும், மாறும் நொடியில் நடந்துகொண்டிருக்கும் கால் அறுபடலாம். குவிக் என்ற புதிய முறையில் ஓடும் செயலிகள் முகவரி மாறினாலும் இணைப்பை விடாமல் தொடரும்படி எழுதப்பட்டவை. அதில் பழைய டிசிபியைவிட வலி குறைவு. ஒரு எச்சரிக்கை: ஃபைபரும் அந்த 4ஜி டவரின் கேபிளும் ஒரே கம்பத்தில் போகிறதா என்று பாருங்கள். லாரி ஒன்று மோதினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டுமா?

2.4 ஜிகாஹெர்ட்ஸ் 2005-லும், 5 ஜிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதி 2018-லும் சக்தி வரம்போடு உரிமம் தேவையில்லாத பட்டைகளாக அறிவிக்கப்பட்டன. உங்கள் இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே டிஷ் அடிக்கலாம். அக்கம்பக்கத்துக்குக் காசுக்கு இணையம் விற்பது வேறு கணக்கு. கடையில் பொது வைஃபை தர நினைத்தால் 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம்-வானி திட்டத்தில் சேரலாம், அதற்கு உரிமக் கட்டணம் இல்லை.

புகார் கொடுத்தால் 'எங்கள் பக்கம் எல்லாம் சரி' என்கிறார்கள். எப்படி நிரூபிப்பது?

இரண்டு பிங் போதும், இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட விடுங்கள். ஒன்று உங்கள் ரூட்டருக்கு, பெரும்பாலும் 192.168.1.1. இன்னொன்று வெளியே, 8.8.8.8 போன்ற முகவரிக்கு. ரூட்டருக்குப் போவதை 1400 பைட்டில் வையுங்கள். இரவு எட்டு மணிக்குப் பத்து நிமிடம் ஓடட்டும்.

ரூட்டருக்கான வரிசையிலேயே 2, 3, 2, 180, 4, பதில் இல்லை, 3 என்று வந்தால் கோளாறு உங்கள் வீட்டுக் காற்றில். எந்தக் கம்பெனியையும் திட்டிப் பயனில்லை; சேனலை மாற்றுங்கள், ரூட்டரை அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுங்கள், கேபிள் போட்டு மறுபடி அளங்கள். ரூட்டருக்கு 2, 2, 3, 2 என்று கோடு போட்டாற்போல் வந்து, வெளியே போவதில் மட்டும் 25, 26, பதில் இல்லை, பதில் இல்லை, 410 என்றால் கோளாறு அவர்கள் பக்கம். எத்தனை அனுப்பி எத்தனை வந்தது என்ற கடைசி வரி தெரியும்படி, தேதியும் மணியும் சேர்த்துப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். 'நெட் ஸ்லோ' என்று புகார் எழுதாதீர்கள், அதை ஸ்பீடு டெஸ்ட் காட்டி மூடிவிடுவார்கள். 'கேபிளில் இணைத்து, இரவு 8 மணி முதல் 8.10 வரை 600-ல் 41 பாக்கெட் தொலைந்தது, ரூட்டர் வரை ஒன்றும் தொலையவில்லை' என்கிற மாதிரி, உங்கள் எண்களைப் போட்டு எழுதுங்கள். அதே அளவை மறுநாள் காலை ஆறு மணிக்கும் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். காலையில் சுத்தமாக இருந்து இரவில் மட்டும் தொலைந்தால் அவர்கள் பக்கத்தில் நெரிசல், இரண்டு நேரமும் தொலைந்தால் கம்பியிலோ டிஷ்ஷிலோ பழுது. வருகிற ஆள் ஏணி எடுத்து வர வேண்டுமா வேண்டாமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.